சீர்த்தட்டில் வைத்த துப்பாக்கி

இரண்டு வருஷத்துக்கு முன்பு மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போடிமெட்டைத் தாண்டி மேலே இருக்கும் என் அக்கா வீட்டு வாசலில் போட்ட பந்தலில் இது நடந்தது. அன்று அக்கா மகளுக்குச் சடங்கு விசேஷம். நான் தாய்மாமன். எனக்கு மலைக்குக் கீழே ராசிங்காபுரம்; தென்னந்தோப்பும் கொஞ்சம் வாழையும் இருக்கிறது. அக்காவைக் கட்டிக்கொடுத்தது மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில்.

எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எத்தனை தட்டு வந்தது, என்ன வைத்திருந்தது, மாமன் முகம் மலர்ந்திருந்ததா என்று ஒரு வருஷத்துக்குப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். விசேஷத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போதே மலைக்குப் போய், பெரிய வள்ளல் மாதிரி பிள்ளையைக் கூப்பிட்டு, "ஒனக்கு என்ன வேணும்னு வாயத் தொறந்து கேளு ஆத்தா, மாமன் கொண்டாந்து எறக்குறேன்" என்றேன். வளையல் கேட்பாள், மிஞ்சிப்போனால் போன் கேட்பாள் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒரு ரைபிள் வேணும் மாமா" என்றாள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு ஒரே குஷி. பிள்ளைக்குப் பதினாலு வயசு. போடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்து என்.சி.சி. முகாமில் குறி அட்டையைச் சுட்டு முதலாவதாக வந்திருக்கிறாள். வீட்டில் பழக ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தால் போட்டிகளுக்குப் போகலாம் என்று அவளுடைய வாத்தியார் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவள் பொறுமையாக எனக்குச் சொன்னாள். நான் காதில் வாங்கியது துப்பாக்கி என்ற ஒரு சொல்லைத்தான்.

மலைத்தோட்டத்து வீட்டில் துப்பாக்கி என்றால் வேட்டை, வேட்டை என்றால் மான். என் மண்டைக்குள் அதற்கு மேல் எதுவும் ஓடவில்லை. அக்கா வீட்டு ஏலச்செடிக்குள் கேளையாடு என்கிற சின்ன மான் வரும், மழைக்காலத்தில் மிளா என்கிற பெரிய மான் கூட வரும். ஊருக்கு இறங்கி வந்ததும், "எம் மருமக மான் சுடப் போறா" என்று டீக்கடையில் ஆரம்பித்து ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன்.

மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். லைசென்சு தேவைப்படாத காற்றுத் துப்பாக்கிதான் கேட்டேன். ஆனால் கடைக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இதுல மான் விழுமாண்ணே?" என்பதுதான். அவர் எடுத்த துப்பாக்கியைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

"மான் மேல கைய வச்சா நீங்க உள்ள போவீங்க. அதுபோக, இதுல சுட்டா மான் விழாது. குண்ட வாங்கிக்கிட்டு ஓடி, எங்கயாவது பொதர்ல கெடந்து சீழ் புடிச்சுச் சாகும். யாருக்கு வாங்குறீங்க?"

சொன்னேன். உடனே மனிதர் மாறிவிட்டார். பிள்ளை எவ்வளவு உயரம், கை எவ்வளவு நீளம், எந்தக் கண்ணை மூடிக் குறி பார்ப்பாள் என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் வைத்துப் பார்க்காமல் செருப்பு வாங்குவீர்களா, அதுபோலத்தான் இதுவும், பிள்ளையை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். ஒல்லியாக, தோளில் வைக்கும் கட்டை குட்டையாக ஒரு துப்பாக்கியை எடுத்துக் காட்டி, முதல் துப்பாக்கிக்கு இதுதான் சரி, அவளே குழலை மடக்கி அவளே குண்டு போட்டுக்கொள்வாள் என்றார்.

எனக்கு அது குடைக்கம்பி மாதிரி தெரிந்தது. தட்டில் வைத்தால் ஆப்பிளுக்கும் மாதுளைக்கும் நடுவில் காணாமல் போய்விடும். மேலே மாட்டியிருந்த நீளமான ஒன்றைக் காட்டினேன். பளபளவென்று மரக்கட்டை, மேலே தொலைநோக்கி. அதை மடக்கிப் பார்க்க எனக்கே மூச்சு முட்டியது. இது பிள்ளைக்கு ஆகாது என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நான் பணத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

பில் போட்டு முடித்த பிறகும் விடாமல் ஒன்று சொன்னார். எப்போது கையில் எடுத்தாலும் முதலில் குழலை மடக்கி உள்ளே பார்க்க வேண்டும், நீங்களே வைத்ததாக இருந்தாலும், ஒரு நிமிஷத்துக்கு முன்பு வைத்ததாக இருந்தாலும் பார்க்க வேண்டும் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே, சிவப்பு ரிப்பன் கட்டலாமா பச்சை கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விசேஷத்தன்று விடிந்ததும் தோப்புக்குக் கொண்டுபோய் ஒரு காலி டின்னை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். இரண்டு குண்டு போனது. மூன்றாவது குண்டைப் போட்டு, பாதுகாப்புப் பித்தானையும் விடுவித்துக் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. என் மனைவி. "ஜீப்பு ரெண்டும் வந்து நிக்கிது, தட்டெல்லாம் ஏத்தியாச்சு, வெரசா வாங்க" என்றாள். அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு ஓடினேன். குண்டு உள்ளேயே இருந்தது. அந்த நினைப்பு அப்போதே என்னைவிட்டுப் போய்விட்டது.

வீட்டில் துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். குழல் மடங்கும் இடத்தில் சிவப்பு ரிப்பன் சுற்றி, மேலே மல்லிகைச் சரம் கட்டினாள் மனைவி. இருபத்தொரு தட்டு, இரண்டு ஜீப்பு. துப்பாக்கி வைத்த பெரிய தட்டு அவள் மடியில் இருந்தது. பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப்பு குலுங்கிக் குலுங்கி ஏறியது. துப்பாக்கியின் வாய் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த என் சின்ன மகள் பக்கம் இருந்தது.

பந்தலுக்குள் மேளத்தோடு நுழைந்தபோது அந்தத் தட்டை நான்தான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். நினைத்தபடியே கூட்டம் வாயைப் பிளந்தது. "என்ன மாப்ளே, சீர் கொண்டாந்தியா, இல்ல எங்களச் சுட்டுத் தள்ள வந்தியா?" என்று மச்சான் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மருமகள் பட்டுச்சேலையும் மாலையுமாக மணையில் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியைப் பார்த்ததும் முகம் பூரித்தது. எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். கை எட்டவில்லை. முனை கீழே கீழே சாய்ந்தது. அந்தப் பூரிப்பு வடிந்ததை நான் பார்த்தேன். "கனமா இருக்கு மாமா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"வளர வளரச் சரியாப் போயிரும் ஆத்தா" என்றேன்.

போட்டோக்காரர் போடியிலிருந்து வந்தவர். முப்பது வயசிருக்கும், கலகலப்பான ஆள். பாப்பா அப்படியே கேமராவைப் பார்த்துக் குறி வைக்கட்டும், ஆல்பத்துக்கு முதல் பக்கம் அதுதான் என்றார். கூட்டத்துக்கும் அது பிடித்துப்போயிற்று. பிள்ளை மட்டும் அசையவில்லை. குழலைத் தரையைப் பார்க்கத் திருப்பிக்கொண்டாள்.

"ஆளப் பாத்து நீட்டக் கூடாது மாமா. ரிப்பன அவுத்து உள்ள பாத்துருவோமா?"

"வெறுந் துப்பாக்கிதான் ஆத்தா. ஒங்கத்த காலையிலருந்து கட்டுன அலங்காரத்தக் கலச்சுப்புடாத."

"பாத்தாலும் ஆளப் பாத்து நீட்டக் கூடாது" என்று மறுபடியும் சொன்னாள். துப்பாக்கி கேட்ட பிள்ளைக்குப் பயத்தைப் பார் என்று பின்னால் யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு பெரிய சீர், இத்தனை பேர் பார்க்கிறார்கள், இந்த நேரத்தில் இவளுக்கு என்ன பிடிவாதம் என்று தோன்றியது. "கொண்டா இங்க" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மாமன் எடுக்கிறேன் பார் என்று காலை அகட்டி நின்று, கட்டையைத் தோளில் வைத்து, நேராகக் கேமராவைக் குறி பார்த்தேன். இடையில் மூன்று முழம் கூட இருக்காது.

"அப்பிடியே சிரிங்கண்ணே" என்றார் போட்டோக்காரர். சிரித்தேன். படம் எடுத்துவிட்டார் என்று தெரிந்தது. அதோடு இறக்கியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் வேடிக்கை காட்டலாம் என்று விசையை அமுக்கினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரு சத்தம், கூடவே கண்ணாடி நொறுங்கும் ஓசை. டியூப்லைட் வெடித்துவிட்டது என்று நினைத்துச் சிலர் மேலே பார்த்தார்கள். போட்டோக்காரர் கேமராவோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். வலது கண்ணைப் பொத்தியிருந்த விரல்களுக்கு நடுவில் ரத்தம் வந்தது. வெளியே மேளம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. துப்பாக்கி இன்னும் என் தோளிலேயே இருந்தது. யாரோ அதை மெதுவாகத் தரைப்பக்கம் சாய்த்து என் கையிலிருந்து உருவினார்கள். பார்த்தால் மருமகள். மல்லிகைச் சரத்தையும் ரிப்பனையும் பிய்த்து எறிந்து, முழங்காலில் கொடுத்துக் குழலை மடக்கி, உள்ளே பார்த்துவிட்டுச் சுவரைப் பார்க்கத் தரையில் கிடத்தினாள். அடுத்த நிமிஷம் போட்டோக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கண்ணத் தேச்சுறாதீங்க, தேச்சுறாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தலில் அத்தனை பெரியவர்கள் இருந்தோம். ஜீப்பை எடுக்கச் சொன்னதும் அவள்தான்.

போட்டோக்காரர் "இருங்க" என்றார். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். வலது கண்ணை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். எதிரே பந்தல் வாசலில் நான் வைத்த பெரிய பிளக்ஸ் நின்றது. அதில் கைகூப்பிக்கொண்டு நான். அதன் மேல் எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்: "தா… ய்… மா… மன்… சீர்." படித்துவிட்டு, "தெரியுது" என்றார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கீழே இறங்கும்போது அவர் தலையை நான்தான் என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். கண்மேல் ஈரத்துண்டு. ஒவ்வொரு வளைவிலும் அவர் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. நடுவில் அவர் மனைவி போன் பண்ணினார். "கேமரா கீழ விழுந்துருச்சு, லேசாச் சிராய்ப்பு, வந்துருவேன், நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்று குரல் மாறாமல் சொன்னார். அவர் மனைவிக்கு ஏழாம் மாசம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எந்த வளைவு என்று நினைவில்லை, திடீரென்று காலையில் தோப்பில் போன் அடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதோடு அந்தத் தட்டும், துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதும் ஞாபகம் வந்தது. ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தேன்.

தேனியில் கண் ஆஸ்பத்திரியில் இமையிலிருந்து, கேமரா ஓரமாகத் தெறித்து வந்த இரண்டு கண்ணாடிச் சில்லை எடுத்தார்கள். புருவத்தில் நாலு தையல். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். குண்டு லென்சுக்குள் நசுங்கிக் கிடந்தது. ஒரு நொடி முன்னால் கேமராவை இறக்கியிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. போலீசுக்கு நானே போகிறேன் என்றேன். அவர், "வேண்டாண்ணே, ஒங்க வீட்லயும் பிள்ளைக இருக்கு" என்றார். புது லென்சு வாங்கிக் கொடுத்தேன். அதைக் கொடுத்த அன்றைக்கு அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்தத் துப்பாக்கியை மதுரைக் கடையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டு, மருமகளைக் கூட்டிக்கொண்டு போய் வேறு வாங்கினேன். அவளே தோளில் வைத்துப் பார்த்து, அவளே மடக்கிப் பார்த்து எடுத்தாள். நான் கடைக்கு வெளியே நின்றேன். நடந்ததற்கு அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

மூன்று மாசம் கழித்துப் போட்டோக்காரர் ஆல்பத்தோடு ராசிங்காபுரம் வந்தார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று மிட்டாய் கொடுத்தார். கிளம்பும்போது தனியாக ஒரு கவரை நீட்டினார். "இத ஆல்பத்துல வைக்கலண்ணே. அழிக்கவும் மனசு வரல. நீங்களே வச்சுக்கிருங்க."

அவர் கடைசியாக எடுத்த படம். நட்டநடுவில் துப்பாக்கியின் வாய், கறுப்பாக ஒரு சின்னத் துவாரம், அதைச் சுற்றி மல்லிகையும் சிவப்பு ரிப்பனும். ஓரத்தில் மருமகள் எழுந்து, துப்பாக்கியைத் தடுக்கக் கையை நீட்டியபடி. பின்னால் கூட்டம் சிரிக்கிறது. துவாரத்துக்குப் பின்னால் நான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய. கல்யாணப் படத்தில் கூட நான் அவ்வளவு நன்றாகச் சிரித்ததில்லை. ஒரு மனிதனின் கண்ணுக்கு நேராகக் குண்டை நீட்டிக்கொண்டிருந்த அந்த நொடியில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.