மடிப்பு வெட்டாத புத்தகம்

ஒதிலோன் காஸ்தானியே கோபக்காரன் என்று லவெர்னோல் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லட்டும். அந்த ஊரில் கோபம் வராதவனுக்குத்தான் உடம்பில் ஏதோ கோளாறு.

அவன் பிறந்தது தோல் கழுவுகிற வீட்டில். அர்ஜென்டினாவிலிருந்து கப்பலேறி வரும் ஆட்டுத்தோல் வண்டி வண்டியாக ஆற்றங்கரையில் இறங்கும். ஊறவைத்து, இருட்டறையில் தொங்கவிட்டுப் புழுக்கினால் மயிர் இளகும். அதைப் பிரித்தெடுப்பது பெண்கள் வேலை. பாதிரியார் கற்றுக்கொடுத்த லத்தீனை வைத்துக்கொண்டு, உதவிப் பணத்தில் துலூஸ் நகரம் போய்ச் சட்டம் படித்து, வக்கீலின் கறுப்புக் கவுனோடு அதே ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்தான். பெரிய ஊரில் தங்கியிருந்தால் பதவி நாற்காலி தேடி வந்திருக்கும். அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

மயிர் பிரிக்கிற பெண்களுக்குக் கழுத்திலோ கையிலோ ஒரு கொப்புளம் வரும். மறுநாள் அது கரியாகிவிடும். நாலாம் நாள் கோயிலில் சாவு மணி அடிக்கும். ஆட்டுத்தோலிலிருந்து தொற்றுகிற அடைப்பான் நோய். ஆலை முதலாளி ப்ரூசேயின் சம்பளத்தில் இருந்த டாக்டர் ஃபாப்ரெகுக்கு அது தெரியாதா? ஆடு செத்தால் அடைப்பான் என்று எழுதிய அதே கை, பெண் செத்தால் காய்ச்சல் என்று எழுதியது. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. துலூஸ் ஆஸ்பத்திரியில் அதற்கு ஊசிமருந்து வந்துவிட்டது. ஆனால் டாக்டர் நோயின் பேரை எழுதி அனுப்பினால்தான் மருந்து வரும். காய்ச்சல் என்று எழுதினால் ஒன்றும் வராது, பாதிரியார்தான் வருவார்.

ஆலையிடம் நஷ்டஈடு கேட்டு ஒதிலோன் பதினொரு வழக்கு போட்டான். பதினொன்றிலும் ப்ரூசேயின் ஆட்கள் காய்ச்சல் என்ற டாக்டர் சீட்டை நீட்டி ஜெயித்தார்கள். பன்னிரண்டாவது போடவில்லை. திவாலான அச்சுக்காரர் ஒருவரின் பழைய கை அச்சு இயந்திரத்தை வாங்கினான். தெருப்பக்கத்து அறையில் அதை நிறுத்தினான். செத்துப்போன பத்தொன்பது பெண்களின் பெயர், வயது, புண் வந்த இடம், எத்தனை நாளில் போனாள் என்பதையெல்லாம் வீடுவீடாகக் கேட்டு எழுதிப் புத்தகமாகப் போட்டு அங்கேயே விற்றான்.

உடனே வக்கீல் சங்கத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். கிழவர் அன்பாகத்தான் பேசினார்.

"கவுன் போட்டவன் கடை போடக்கூடாது, ஒதிலோன். நம்ம சங்கத்து விதி உனக்குத் தெரியாததா? ரெண்டுல ஒண்ணை விடு."

"அப்ப கவுனை நீங்களே வச்சுக்குங்க. குளிர் காலத்துல உங்க நாய்க்குப் போர்த்தலாம்."

வீட்டுக்கு வந்து மனைவி ஒரேலியிடம் சொன்னான். அவள் அச்செழுத்துகளைத் துடைத்துக்கொண்டே நிமிராமல் கேட்டாள். கவுன் போனதுக்கு அவள் அழவில்லை. "நாயை இழுத்தது தப்பு," என்றாள். "பாவம், அது நல்ல நாய்."

ப்ரூசே மானநஷ்ட வழக்குப் போட்டான். எத்தனையோ தடவை யாருக்காகவோ நின்று பேசிய அறையில், இப்போது குற்றவாளி பெஞ்சில் ஒதிலோன் உட்கார்ந்தான். தோற்றால் மிச்சப் பிரதிகளை அள்ளிப்போய்க் கூழாக்குவார்கள். அந்தப் பெண்கள் காய்ச்சலில் செத்தவர்களாகவே இருந்துவிடுவார்கள். அடுத்து புண் வருகிறவளுக்கும் அதே சீட்டுதான். பின்வரிசையில் ஆலைப் பெண்கள் மரக்கட்டைச் செருப்போடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த லகார்த், புத்தகம் முழுவதையும் தாங்கள் மிகுந்த கவனத்தோடு வாசித்ததாகவும், வரிக்கு வரி அதில் விஷம் இருப்பதாகவும் அறிவித்தார்.

புத்தகம் மேஜைமேல் இருந்தது. புத்தகம் என்றால் அப்போதெல்லாம் தாளை மடித்துத் தைத்து அப்படியே விற்பார்கள். வாங்கியவர்தான் மடிப்புக்குள் கத்தியை விட்டு ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். ஒதிலோன் தான் இருந்த இடத்திலிருந்தே அதன் விளிம்பைப் பார்த்தான். எழுந்தான்.

"ஐயா, அந்தப் பிரதியைக் குமாஸ்தா கொஞ்சம் தூக்கிக் காட்டட்டும்."

குமாஸ்தா யோசிக்காமல் தூக்கிவிட்டான்.

"ஒரு மடிப்புகூட வெட்டலை. மூடிக்கிடக்கிற புத்தகத்துல எந்த வரியில ஐயா விஷத்தைப் பாத்தீங்க?"

சிரிப்பு எழுந்தது. லகார்த் மேஜையைத் தட்டினார். முகம் வெளுத்ததே தவிர மனம் மாறவில்லை. அபராதம், பிரதிகள் பறிமுதல், மேல்முறையீட்டுக்குப் பத்து நாள் என்று படித்துவிட்டு எழுந்து போனார். வாசிக்காமலே கொல்லத் தெரிந்தவர்கள்.

ஒதிலோன் படிக்கட்டில் நின்று, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தான். பத்தொன்பதில் ஒருத்தியின் தங்கை ரோசாலி பக்கத்தில் வந்து நின்றாள். அவன் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள்.

"எங்க வீட்டுலயும் அது அப்படியேதான் இருக்கு, வக்கீலய்யா."

"எப்படி?"

"வெட்டாமதான். அக்கா பேரு உள்ள இருக்குன்னு சொன்னீங்க. அதுல போய்க் கத்தியை விடலாமா? சிலுவைக்குப் பக்கத்துல வச்சிருக்கோம். எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்."

அவன் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பள்ளிக்கூடப் புத்தகம் விளிம்பு வெட்டித்தான் வரும். அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பாரிஸ் புத்தகம்போல் கௌரவமாக இருக்கட்டும் என்று, வெட்டாமல் விற்றது அவன்தான். நீதிபதியைத் திட்டிய வார்த்தையில் பாதி தனக்கும் உண்டு என்று அவனுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததும் கோபம் இரட்டிப்பானது.

அன்றைக்கே மேல்முறையீடு செய்தான். பத்து நாளும் அவனும் ஒரேலியும் கத்தியோடு வீடுவீடாக ஏறினார்கள். சூப்புப் பானையைத் தள்ளிவைத்து, மேஜையில் புத்தகத்தை வைத்து வெட்டினார்கள். எழுத்துத் தெரிந்த மகளை விட்டு உரக்க வாசிக்கச் சொன்னார்கள். புண் எப்படித் தொடங்கும், எந்த நாளில் கறுக்கும், மருந்து எங்கே இருக்கிறது எல்லாம் அதில் இருந்தது. மேல்கோர்ட்டிலும் தோற்றான். கடையில் இருந்த பிரதிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடுகளில் வெட்டிக்கிடந்ததை யாரும் கேட்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஆலையில் வேலை செய்த எர்னெஸ்தீன் என்பவளுக்கு மணிக்கட்டில் கொப்புளம். டாக்டர் ஃபாப்ரெகு வந்து பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ரோசாலி போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் தெருவில் இருபது பெண்கள். எர்னெஸ்தீனின் அம்மா புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஆட்டுக்கு எழுதுற பேரைத்தான் கேக்குறோம், டாக்டரய்யா," என்றாள் ரோசாலி. "புதுசா ஒண்ணும் கேக்கலை."

அவர் புத்தகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். எழுதினார்.

மூன்றாம் நாள் மருந்து வந்தது. எர்னெஸ்தீன் பிழைத்தாள். கைதான் சரியாக மடங்கவில்லை. அந்தச் சீட்டை ஒரு எழுத்து மாற்றாமல் ஒதிலோன் பெரிய எழுத்தில் அச்சடித்தான். நடுப்பகலில் போய் ப்ரூசேயின் ஆலைச் சுவரில் ஒட்டினான். கிழித்துவிடுவேன் என்றான் காவல்காரன். கிழி பார்க்கலாம் என்று, பசை காயும்வரை ஒதிலோன் அங்கேயே நின்றான்.