மாமாவுக்குப் பிடித்த நாடு

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, எங்கள் டீச்சர் ஒருநாள் உலகப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, பெரியவர்களானதும் எந்த நாட்டில் போய் இருக்க ஆசை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். முன்பெஞ்சிலிருந்து அமெரிக்கா, சிங்கப்பூர், லண்டன் என்று பதில்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு பையன் துபாய் என்றான். இன்னொருவன் பெங்களூர் என்றான். என் முறை வந்ததும் எழுந்து தான்சானியா என்றேன். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் படத்தில் அந்த நாட்டைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே சொன்னார்:

"அது போயி இருக்கற நாடு இல்ல அம்மிணி, பொழைக்கப் போற நாடு."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. என் தாய்மாமா அங்கேதான் இருந்தார். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. எங்கள் நாமக்கல் பக்கத்தில் இது அதிசயமில்லை. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது. சில வண்டிகள் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயின. வண்டியோடு நம்மூர் ஆட்களும் போனார்கள். மாமா அப்படிப் போனவர்.

அம்மாவுக்கு அவர் தம்பி என்பதைவிட மூத்த பிள்ளை. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்தபோது மாமா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அம்மாதான் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தாள். அதனால் அவர் கடல்தாண்டிப் போனதை அம்மாவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அக்கம்பக்கத்தில் யார் விசாரித்தாலும், தம்பி காட்டில் கிடந்து வேகாத சோற்றைத் தின்று சீரழிகிறான் என்றுதான் சொல்வாள். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

போய் இரண்டு வருஷம் கழித்து மாமா விடுமுறையில் வந்தார். வாசலில் காரை விட்டு இறங்கியதுமே அம்மா அவர் கன்னத்தைத் தடவி, இப்படி இளைத்துப் போய்விட்டாயே என்று அழுதாள். எனக்குக் குழப்பமாக இருந்தது. மாமா விட்டுச்சென்றிருந்த பேன்ட் எதற்கும் அவரால் இப்போது பொத்தான் போட முடியவில்லை. முகம் மினுமினுவென்று இருந்தது. அப்பாவும் அதைக் கவனித்திருப்பார். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர் அப்பா. எதையும் பார்த்தவுடன் அளவு சொல்லிவிடுவார். ஆனால் அம்மா அழும்போது அவர் அளவு சொல்வதில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் மாமாவைப் பிடித்துக்கொள்வேன். அங்கே காக்கா உண்டா? அந்த ஊர் நாய்களை 'ச்சூ' என்றால் ஓடுமா, இல்லை அவர்கள் பாஷையில் விரட்ட வேண்டுமா? நிலா நம்மூர் நிலாதானா? மாமா எல்லாக் கேள்விக்கும் யோசித்துப் பதில் சொன்னார். அங்கேயும் காக்கா உண்டு, ஆனால் நெஞ்சு வெள்ளை என்றார். மண் நம் கொல்லிமலை அடிவாரம் போலச் சிவப்பு என்றார். தண்ணீருக்கு அங்கே மாஜி என்று பெயராம். போர்வெல்லில் தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் ஊர் ஜனமே 'மாஜி, மாஜி' என்று கத்திக்கொண்டு நனைய வருமாம்.

அவர் கைக்கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, அப்பாவிடம் கொடுத்துக் கடைத்தெருவுக்கு அனுப்பி, பேட்டரி மாற்றிச் சரியான மணி வைத்துக் கொண்டுவரச் செய்தாள். மாமா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அன்று மாலையே அது மறுபடியும் இரண்டரை மணி நேரம் பின்னால் போயிருந்தது.

இன்னொரு நாள் எங்கிருந்தோ மக்காச்சோளம் வாங்கி மில்லில் அரைத்து வந்து, அடுப்பில் கெட்டியாகக் கிளறி உருண்டை பிடித்தார். உகாலி என்று பெயர் சொன்னார். எங்கள் ஊரில் மக்காச்சோளம் என்றால் கோழிப் பண்ணைக்குப் போகும் தீவனம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நானும் மாமாவும் கீரைக் கடைசலோடு தொட்டுத் தின்றோம். களிக்குப் பங்காளி மாதிரி இருந்தது. அப்பா இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

என்னை அதிகம் குடைந்தது மாமாவின் போன்தான். வாரத்துக்கு இரண்டு முறையாவது வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்று பேசுவார். அந்தப் பாஷையில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. மாமா எதிர்முனையில் இருந்தவரை 'மாமா, மாமா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மாமாவுக்கே ஒரு மாமா அந்த ஊரில் எப்படி வந்தார்? போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டால் பெண்குரல். கேட்டேவிட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஊரில் அம்மாவுக்குத்தான் மாமா என்று பெயராம். போனில் பேசியது, வண்டி நிற்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அம்மாள். மாமா அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் தங்கியிருந்தார். காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

அப்போதுதான், டீச்சர் எங்களிடம் கேட்டதை நான் மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, உங்களுக்கு எந்த நாடுங்க புடிக்கும்?"

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அங்கதான் சாமி" என்றார்.

ஏன் என்றேன். வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்தார்.

"அங்க எனக்கு என்ன வேணும்னு என்னயக் கேக்கறாங்க."

இது ஒரு பெரிய காரணமாக எனக்குப் படவில்லை. சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அம்மா அதற்குள் பெண் தேடி முடித்திருந்தாள். ராசிபுரம் பக்கம், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி விளைவிக்கும் குடும்பம். பெண் சேலத்தில், அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் நாங்கள் நான்கு பேரும் பெண் பார்க்கப் போனோம்.

பெண்ணின் அப்பா முதலில் மழையைப் பற்றி விசாரித்தார். பிறகு, மாப்பிள்ளை திரும்ப வெளிநாடு போவாரா என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள். இனிமேல் இங்கேதான், ரிக் வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைக்கப்போகிறான், காட்டில் கிடந்து பட்டதெல்லாம் போதும் என்றாள். பெண்வீட்டார் திருப்தியாகத் தலையாட்டினார்கள். மாமா காபி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

என்னைப் பெண்ணோடு உள்ளறையில் உட்கார்ந்து பலகாரம் தின்ன அனுப்பினார்கள். அவள் பட்டுச்சேலையில் அசௌகரியமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என் தட்டில் இன்னொரு ஜாங்கிரியை வைத்துவிட்டு, உங்கள் மாமா இருந்த ஊர் எப்படி இருக்குமாம் என்று மெல்லக் கேட்டாள். என்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் நான். வெள்ளை நெஞ்சுக் காக்கா, சிவப்பு மண், மாஜி, உகாலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மாவை மாமா என்பார்கள் என்றதும் அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அங்கே பெண்கள் வண்டி ஓட்டுவார்களா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். அது எனக்குத் தெரியவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது மைசூர் பார்த்ததோடு சரி; அதற்கு அப்புறம் ஏற்காட்டைத் தாண்டியதில்லையாம். கடைசியில், மாமாவுக்கு எந்த ஊர் பிடித்திருக்கிறது என்று கேட்டாள். அங்கேதான் என்று மாமாவே சொன்னார் என்றேன்.

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து கூடத்துக்குப் போனாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மாமாவைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

"உங்களுக்குத் திரும்பிப் போகோணும்னு இருக்குதுங்களா?"

அதெல்லாம் இல்லை என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அவங்களக் கேட்டனுங்க" என்றாள் பெண்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "இருக்குதுங்க" என்றார்.

நாங்கள் எழுந்தோம். பெண்ணின் அப்பா வாசல்வரை வந்து மரியாதையாக வழியனுப்பினார். காரில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். முன்சீட்டிலிருந்த மாமா ஒருமுறை "அக்கா" என்றார். அம்மா ஜன்னல் கண்ணாடியை இன்னும் கீழே இறக்கினாள்.

ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. பெண்ணுக்குச் சம்மதமாம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு தன்னையும் அங்கே கூட்டிப்போக வேண்டுமாம். எங்கள் வீட்டுக்காரி அழுதுகொண்டு கிடக்கிறாள், நீங்களாவது வந்து பெண்ணுக்கு நல்லது கெட்டது எடுத்துச் சொல்லுங்கள் என்று அவர் அம்மாவிடம் கெஞ்சினார். மாமா இதைக் கேட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் இறங்கி வரவில்லை. அம்மா மறுநாளே கிளம்பினாள். எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண் அப்போதுதான் சேலத்திலிருந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நல்லது பொல்லாதது என்றால் ஓடிவர முடியாது, பாஷை தெரியாது, பிள்ளை பெற்றால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் அவன் இங்கேயே இருந்துவிடுவான் என்றாள். பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"பொறந்த ஊட்ட உட்டுட்டு அவ்வளவு தூரம் எப்பிடிக் கண்ணு இருப்ப?" என்று அம்மா முடித்தாள்.

"பக்கத்தூருக்குக் கட்டிக் குடுத்தாலும் இந்த ஊட்ட உட்டுட்டுத்தானுங்க அக்கா போகோணும்" என்றாள் அவள். "எப்பிடியும் போறதுதான். கொஞ்சம் தூரமாப் போயி என்ன இருக்குதுன்னு பாத்துட்டு வாரேனுங்களே."

எதிர்த்துப் பேசும் தொனியே அவளிடம் இல்லை. என் அம்மாவுக்காக அவள் வருத்தப்பட்டதாகக்கூடத் தோன்றியது. அம்மா அவள் கையை விட்டுவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். சொம்பு நிறைய வந்த தண்ணீரை முழுவதும் குடித்து முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை. பிறகு அவள் தலையில் கையை வைத்து, நன்றாக இரு என்று மட்டும் சொன்னாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாமாவை முன்னால் அனுப்பிவிட்டு, பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்ததும் அத்தையும் கிளம்பினாள். இப்போது அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். ஆரம்பத்தில் மூன்று மாதம் தினமும் அழுதேன் என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள், அதை மறைக்கவில்லை. திரும்பிவரவும் இல்லை. அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் வீடியோவில் எங்களோடு கொங்குத் தமிழ் பேசுவார்கள், நடுவில் திரும்பி அத்தையை 'மாமா' என்று கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு இன்றுவரை அது பழகவில்லை.

இதெல்லாம் நடந்து முடிந்த கதை. ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது, அத்தையிடம் அம்மா பேசிவிட்டு அன்று நாங்கள் ராசிபுரத்திலிருந்து திரும்பிய பஸ்தான்.

அம்மா பிறந்த ஊர் வழியிலேயே இருக்கிறது. அவளுடைய வீடு ரோட்டை ஒட்டி இருந்தது. தாத்தாவும் பாட்டியும் போனபிறகு பூட்டிய வீடு; ஒரு பக்கம் ஓடுகள் சரிந்து கிடந்தன. தம்பிக்குக் கல்யாணம் முடிந்ததும் அதைப் பிரித்துக் கட்டிக் குடிவைப்பேன், பொங்கலுக்கும் ஆடிக்கும் நாம் அங்கே போகலாம் என்று அந்த வருஷம் முழுவதும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் அங்கே நிறுத்தத்தில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அம்மா அந்த வீட்டை, பஸ் கிளம்பி அது மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான் அதுவரை எல்லோரிடமும் கேட்டுவிட்டிருந்தேன். அப்பாகூடக் காசி என்று சொல்லியிருந்தார். அம்மா ஒருத்திதான் பாக்கி.

"அம்மா, உனக்கு எந்த நாடு புடிக்கும்?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காற்றில் தூசி என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "எங்கூடுதான்" என்றாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அது ஒரு நாடே இல்லை. அதுவும் இன்னும் அரைமணி நேரத்தில் நாங்கள் போய்ச் சேரப்போகிற இடம். இதற்கு ஆசைப்படுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன். நம்மூடு என்று சொல்லாமல் எங்கூடு என்று அவள் சொன்னது என் காதில் நன்றாகத்தான் விழுந்தது. அந்த 'எங்க'வுக்குள் நான் இல்லை என்பதுதான் அன்று எனக்குத் தெரியவில்லை.