மர்வோத்தோவின் ஆயிரம் மடங்கு பெட்டி

கிளாத்தேன் சந்தையில் ரேடியோ சாமான் கடை வைத்திருப்பவன் நான். எத்தனையோ அரைவேக்காடுகளைப் பார்த்திருக்கிறேன். மர்வோத்தோ மாதிரி ஒருவனைப் பார்த்ததில்லை. ஐம்பது வயது. எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை. சாலிடர் பிடித்த மூன்றாம் நாளே தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டது அந்த ஜென்மம். வீட்டில் உலை கொதித்ததெல்லாம் அவன் மனைவி துமினியால்தான். மஞ்சளும் புளியும் போட்டுக் காய்ச்சிய ஜமு கஷாயத்தைச் சீசாக்களில் ஊற்றி, மோட்டார் பைக்கில் ஊர் ஊராக விற்று வந்தாள்.

இவனுக்கோ பெர்குதுத் பைத்தியம். அந்தப் புறாவைக் கூண்டோடு உயரக் கம்பத்தில் ஏற்றி, போட்டி நடுவர்களிடம் குரலுக்குக் கொடி வாங்குவது எங்கள் ஊரில் மானப் பிரச்சினை. கூவலின் கடைசியில் அடிவயிற்றிலிருந்து ‘கூங்’ என்று இறங்க வேண்டும். அதைத் துல்லியமாகக் கேட்க மைக் ஆம்ப்ளிஃபயர் செய்யப் போவதாக வந்து நின்றான். ஒலியைப் பெருக்கும் ஆப் ஆம்ப் என்ற எட்டுக் கால் சில்லு ஒன்று, மைக் ஒன்று, நாலைந்து ரெசிஸ்டர் வாங்கினான். அதைப் பழைய ரேடியோவின் ஸ்பீக்கரோடு கோத்து, இரண்டுக்கும் ஒரே பேட்டரி கொடுப்பானாம். அப்படியானால் ஆப் ஆம்பின் சப்ளைக் காலோரம் ஒரு கெப்பாசிட்டர் வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் வரும்போதெல்லாம் மின்சாரம் தடுமாறிப் பெட்டியே உறுமும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நூறு மடங்கு பெருக்கினால் போதும் என்றும் சொன்னேன்.

“நீ சாமான் விக்கிறவன். சர்க்யூட்ட என்கிட்ட விடு.”

கெப்பாசிட்டர் வாங்கவில்லை. ஆயிரம் மடங்கு வைத்தான்.

பெட்டியோடு புறா வியாபாரி வீட்டுக்குப் போனான். அங்கே ஒரு பறவை கூவக் கூவ, பின்னாலேயே பெட்டியில் ‘கூங்’ வந்தது. வியாபாரி என்ன முட்டாளா? அந்தப் புறாவுக்கு விலையாக மோட்டார் பைக்கைக் கேட்டான். மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை நீட்டினான் இந்த மகானுபாவன். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் முதல் பரிசே புது பைக்தான், அது துமினிக்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவள் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அந்தப் புறா கூவியது. நோஞ்சான் குரல். நடுவர்கள் நிற்காமலே தாண்டிப் போனார்கள். ஒரு கொடி கூட இல்லை. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்ற கதையாக, நடுவர்களுக்குக் காது அடைப்பு என்றான்.

அதை நிரூபிக்க என்னையும் நாலு பேரையும் வீட்டுக்கு இழுத்துப் போனான். கூண்டருகே மைக்கை வைத்து ஸ்விட்சைப் போட்டான். புறா வாயைத் திறக்கவில்லை. சாயங்கால வியாபாரத்துக்குத் துமினி கூடையில் சீசாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று இன்னொன்றில் இடித்தது.

‘கூங்’ என்றது பெட்டி.

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே சீசாவைத் தட்டினாள். மறுபடி ‘கூங்’. எனக்கு வந்த சிரிப்பை நான் அடக்கவும் இல்லை. மர்வோத்தோ வயரைத் திருகிக்கொண்டே, கனெக்‌ஷன் லூஸ் என்று முணுமுணுத்தான்.

துமினி குரலை உயர்த்தவில்லை. “அடுத்த வாரம் இந்தச் சீசாவக் கம்பத்துல ஏத்துங்க. இதுக்குத் தீனியும் வேணாம்.”

கூடையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினாள். அடுத்த ஊருக்கு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.