மழைக்குத் திறக்கும் கேட்

1. முதல் நாள்

நீடாமங்கலத்துக்கு வெளியே இருந்த ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் பர்ச்சேஸ் கிளார்க்காகச் சேர்ந்து, பர்ச்சேஸ் மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். நிர்வாகம் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் சிலர், 'ஸ்ட்ராட்டஜி பற்றி உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள்' என்கிறார்கள். அந்த வார்த்தையை நான் கேள்விப்பட்டதே தலை நரைத்த பிறகுதான். அதற்கு முன்பும் மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எப்படி ஓடியது, எப்படி நின்றது என்று மட்டும் சொல்கிறேன். சந்தோஷமான கதை இல்லை.

நான் சேர்ந்த அன்றைக்குக் குறுவை அறுவடை மும்முரம். பி.காம். படித்தவன் என்பதால் ஃபேனுக்கு நேர் கீழே மேஜை கொடுத்திருந்தார்கள். மதியம் மழை பிடித்துக்கொண்டது. முதலாளி வைத்தியலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டியபடி உள்ளே வந்தார். புது ஆள் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"மழை பெய்யுது, இங்க என்ன பண்ற? போய் கேட்டைத் திற."

எதற்கு என்று கேட்கும் தைரியம் இல்லை. ஓடிப்போய் வாட்ச்மேனோடு சேர்ந்து இரண்டு கதவையும் திறந்தேன். ரோட்டில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. அரசு கொள்முதல் நிலையத்தில் திறந்த வெளியில் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்திருந்த விவசாயிகள், வானம் கறுத்ததுமே அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லோரையும் ஷெட்டுக்குள் விட்டோம். ஒருவரிடமும் வாடகை கேட்கவில்லை. ரொம்ப நனைந்த நெல்லை எங்கள் டிரையரில் போட்டுக் காய வைத்தும் கொடுத்தோம். காய்ந்த பிறகு எங்களிடம் விற்கலாம், திரும்ப அரசு நிலையத்துக்கே கொண்டு போகலாம். முதலாளி அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

பாதிப் பேர் எங்களிடமே விற்றார்கள். மற்றவர்கள் அடுத்த போகத்தில் விற்றார்கள். மற்ற மில்காரர்கள் நெல்லுக்கு நாயாக அலையும் மாதங்களில் எங்கள் ஷெட் நிறைந்திருக்கும். அது வியாபாரத் தந்திரமா, நல்ல மனசா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அவரைத் தெய்வமாக்குவதில் எனக்கு விருப்பம் இல்லை. முன்கோபி. சூதாடுகிற மாதிரி வாங்குவார். ஈர நெல்லை ஏகத்துக்கு வாங்கிப் போட்டு, வெயில் ஏமாற்றி, நெல் பூஞ்சை பிடித்து, வீட்டு நகை பேங்குக்குப் போன வருஷங்கள் உண்டு. அவருடைய மகள் செல்வி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் என் மேஜை ஓரத்தில் நின்றுகொண்டு, "மாமா, மழை வந்தா அம்மா ஏன் அழுவுறாங்க?" என்று கேட்டாள். நான் கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

2. செல்வி மேடம்

முதலாளி பக்கவாதத்தில் படுத்த பிறகு செல்விதான் பொறுப்புக்கு வந்தாள். சென்னையில் ஆடிட்டராக இருந்தவள். முதல் நாளே என்னை 'சார்' என்று கூப்பிட்டாள். நானும் 'மேடம்' என்றேன். இரண்டு பேருக்குமே அது வசதியாக இருந்தது.

நல்ல நிர்வாகி. களத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கு வந்த வேகத்தில் கழிப்பறை கட்டினாள். எல்லோருக்கும் பி.எஃப். பிடித்தாள். அதுவரை முதலாளி மனசு வைத்தால் போனஸ், இல்லாவிட்டால் இல்லை. அவள் வந்த பிறகு தீபாவளிக்கு முன்பே கைக்கு வந்தது. அப்பா காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டவர்கள் யாரும் அப்போது மில்லில் இல்லை.

அவளுக்கு மழை பிடிக்காது. அவள் செய்த எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பேங்கில் கடன் வரம்பை உயர்த்தக் கேட்டபோது, ஈர நெல்லை வாங்கும் மில்லுக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதே சமயத்தில் அரசுக்காக நெல் அரைத்துக் கொடுக்கும் ஹல்லிங் ஏஜென்சி எங்களுக்குக் கிடைத்தது. அவர்கள் நெல்லை அனுப்புவார்கள். நாம் புழுங்க வைத்து அரைத்து அரிசியாகத் திருப்பிக் கொடுத்தால் கூலி. விலை ஏறினாலும் இறங்கினாலும் நமக்குக் கவலை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, காம்பவுண்டுக்குள் வெளி நெல் ஒரு மூட்டைகூட இருக்கக் கூடாது.

மழைக்குக் கேட்டைத் திறப்பதை நிறுத்துவது என்று செல்வி என்னையும் உட்கார வைத்துத்தான் முடிவெடுத்தாள். மழை நாளில் ஷெட்டைத் திறந்து விடுவதற்கு ஆள் கூலி, டிரையர் செலவு எல்லாம் கணக்கில் இருக்கிறது. அதனால் வரும் லாபம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். எந்தக் கணக்கிலும் இல்லை.

"இங்க வேலை பாக்குறவங்க சம்பளம் மழையை நம்பி இருக்கக் கூடாது சார்" என்றாள்.

நான் மனப்பூர்வமாகத் தலையாட்டினேன். இன்றைக்கு அதைத் தப்பு என்று சொல்லிக் கண்ணைக் கசக்கப் போவதில்லை. அதே பேங்க், அதே நிபந்தனை, நகையை அடகில் பார்த்து வளர்ந்த அதே பெண் என்றால், அந்த அறையில் வேறு முடிவு வந்திருக்காது. எனக்குப் பயமாக இருப்பதே அதுதான்.

மில் செழித்தது. கறுப்பு அரிசியைப் பிரித்துத் தள்ளும் கலர் சார்ட்டர் மெஷின் வாங்கினோம், ஆபீசுக்கு ஏ.சி. போட்டோம். கூடவே எங்கள் பேச்சும் மாறியது. முன்பெல்லாம் காலையில் வந்ததும் எந்த ஊரில் அறுப்பு, எந்த வாய்க்காலில் தண்ணீர் என்று பேசுவோம். பிறகு எந்த அதிகாரி மாறினார், இன்ஸ்பெக்‌ஷன் எப்போது என்பதே பேச்சு. விவசாயி கேட்டுக்குள் வருவது நின்றுபோனது. அதை நாங்கள் கவனிக்கக்கூட இல்லை.

தனபால் வந்த நாளில்தான் கவனித்தோம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் பயிர் செய்பவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து மழை என்றால் எங்கள் ஷெட்டுக்குத்தான் வருவார்கள். அன்றைக்கும் டிராக்டரோடு வந்து ஹாரன் அடித்தார். வாட்ச்மேன் திறக்காமல் என்னைக் கூப்பிட்டான்.

"திறக்கச் சொல்லுங்க சார், நெல்லு நனையுது."

"உள்ள அரசு நெல்லு இருக்கு தனபால். வெளி நெல்லு வரக் கூடாதுன்னு ரூல்."

அவர் கம்பி வழியாக ஷெட்டைப் பார்த்தார். அன்றைக்கு அதில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

"எப்பலேர்ந்து சார்?"

"இந்த ஏஜென்சி வந்ததுலேர்ந்து."

சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் கேட்டுக்கு மேலாக ஒரு தார்ப்பாயைத் தூக்கிப் போட்டேன். அவர் அதை வாங்கி டிரெய்லர் மேல் கட்டிக்கொண்டு, ரோட்டோரத்திலேயே நின்றார். மாடியில் மேடத்தின் அறை ஜன்னலுக்கு நேராகத்தான் டிராக்டர் நின்றது. என்னைக் கூப்பிட்டு, போய்விட்டாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பாமல் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள் என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது.

மழை நாள் கணக்கில் விடவில்லை. அந்த நெல் முளை விட்டுவிட்டது. கடைசியில் வாத்து மேய்ப்பவர்களுக்குத் தீவனமாகத் தள்ளிவிட்டார். அடுத்த வருஷம் குத்தகையில் பாதி நிலத்தை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தார்ப்பாயை மட்டும் ஆள் மூலம் திருப்பி அனுப்பியிருந்தார்.

3. ரயில் ஏறிய நெல்

சில வருஷம் கழித்து ஏற்பாடு மாறியது. எங்கள் பக்கத்து நெல்லை வேறு மாவட்டங்களுக்கு அனுப்பி அங்கே அரைப்பது என்று மேலே முடிவானது. அவர்களுக்கும் அவர்கள் காரணம் இருந்திருக்கும். எங்களுக்கு வரும் நெல் குறைந்தது, பிறகு நின்றது. ஒரு நாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது கூட்ஸ் வண்டி கடந்தது. வேகன் வேகனாக நெல் மூட்டைதான் போகிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். பைக்கை அணைத்துவிட்டு, கேட் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள்.

மில்லில் பாதி ஆட்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கழிப்பறை கட்டிக் கொடுத்தபோது செல்வியைக் கும்பிட்ட பெண்கள், வாசலில் நின்று அழுதார்கள். நெல் வந்தால் மில் பிழைக்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான் என்ற நிலை. அன்று சாயங்காலம் செல்வி என் மேஜைக்கே வந்தாள். பள்ளிக்கூடப் பெண்ணாக நின்ற அதே ஓரத்தில் நின்றாள்.

"மாமா, அப்பா செஞ்ச மாதிரியே செய்வோம். மழை வந்தா கேட்டைத் திறந்துவிட்டுடுங்க. நீங்க போய் சொன்னா வருவாங்க."

அத்தனை வருஷம் கழித்து அந்த 'மாமா'வைக் கேட்ட மறுநாளே கிளம்பிவிட்டேன். ஊர் ஊராகப் போனேன். எல்லோரும் மரியாதையாக உட்கார வைத்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. கடைசியாகத்தான் தனபாலிடம் போனேன். தார் ரோட்டில் நெல்லைப் பரப்பி, காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். இப்ப வெளியூர் வியாபாரி லாரியோட வயலுக்கே வந்துடுறாரு, அங்கயே எடை போட்டு ஏத்திக்கிறாரு. விலை கம்மிதான். மிச்சத்தை நாங்களே இப்படிக் காயப் போட்டுக்குறோம். மழைன்னா தார்ப்பாய்தான் ஞாபகம் வருது. மில்லு ஞாபகம் வரல."

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நானும் கொஞ்ச நேரம் நெல்லைக் கிண்டிவிட்டு வந்தேன்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மேலே இருப்பவர்களின் குணமும் பயமும் முடிவுகளாகின்றன. பேங்கும் சர்க்காரும் வைக்கும் நிபந்தனைகள், அந்த முடிவுகளைச் சரி என்றே நம்ப வைக்கின்றன. ஆனால் நாம் அறைக்குள் முடிவெடுத்த மறுநாளே, வெளியே இருப்பவர்கள் நாம் இல்லாமல் வாழப் பழகத் தொடங்குகிறார்கள். உத்தரவு போட்டு கேட்டைச் சாத்தலாம். உத்தரவு போட்டு அந்தப் பழக்கத்தை மாற்ற முடியாது.

அந்த ஐப்பசியில் நல்ல மழை பிடித்த ஒரு மதியம், வாட்ச்மேன் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தான். ஷெட்டைப் பெருக்கி வைத்திருந்தோம். டிரையருக்கு ஆள் தயாராக நின்றான். செல்வி மாடியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். மழையில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் இரண்டு அடி முன்னால் போனாள். பைக்கில் வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, நனையாமல் இருக்க ஷெட்டுக்குள் ஒதுங்கினார்கள். மழை விட்டதும் அந்தப் பெண் எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

இருட்டும்வரை வேறு யாரும் வரவில்லை. சாத்திவிடலாமா என்று வாட்ச்மேன் என்னிடம் கேட்டான். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.