ஒரு தட்டு, இரண்டு தட்டு

அப்பாவின் கடைசித் தங்கை, என் அத்தை, பெங்களூரில் ஒரு நடனக் குழுவில் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் அவள் பேச்சை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. எடுத்தால் அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிடுவார். அந்தக் குழு நாமக்கல்லில் ஒரு கல்லூரி அரங்கத்துக்கு ஆட வருகிறது என்று தெரிந்ததும் அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஆட்டம் முடிஞ்சதும் கையோட கூட்டியாந்தர்றேன். கூத்தடிச்சது போதும்."

அத்தையும் போனில் மறுக்கவில்லையாம். "சரிங்கண்ணா, ஆனா ஒருக்கா முழுசா உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாளாம். அவளுடைய சாமான்களை ஏற்றி வர அப்பா தான் ஓட்டும் லாரியையே எடுத்தார். அம்மாவும் நானும் கூட ஏறிக்கொண்டோம். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. லாரியில் முன்சீட்டு, ஆட்டம், திரும்பும்போது பக்கத்தில் அத்தை! பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வரை நான் வாயை மூடவே இல்லை.

எங்கள் வீட்டுச் சந்து குறுகல். அப்பா லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் பின்புறம் நின்று வழி சொல்ல வேண்டும். லாரியின் பின்பாடியில் கையால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் போகலாம். நிறுத்தியவரே மறுபடி தட்டும்வரை வண்டி அசையக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அத்தை பள்ளிக்கூடம் போன நாட்களில் அது அவள் வேலை. அவள் போனபின் எனக்கு வந்தது.

திரை விலகியதும் சலங்கை, பட்டுச்சேலை எல்லாம் வரும் என்று அப்பா எதிர்பார்த்திருப்பார். வந்தவர்களோ லுங்கி கட்டிய ஐந்து பேர். ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து அவர்களே ஒரு லாரியானார்கள். முன்னால் அத்தை, கையில் ஸ்டியரிங்காக ஒரு எவர்சில்வர் தட்டு. வண்டி இருமியது, மேட்டில் திணறியது, எதிரே வந்த மாட்டுக்கு ஒதுங்கிச் சாய்ந்தது. அரங்கமே சிரித்தது. நான் சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டேன். அப்பா மட்டும் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பிறகு லாரி எங்கள் பக்கம் முதுகைக் காட்டிப் பின்னால் வரத் தொடங்கியது. அத்தை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே தட்டைச் சுழற்றினாள். கடைசி ஆளின் குதிகால் மேடையின் விளிம்பைத் தொட்டது. அவ்வளவுதான், அப்பா துள்ளி எழுந்தார்.

"ஸ்டியரிங்க ஒடிக்காத! போதும், நில்லு!"

கத்தியபடியே முன்னாலிருந்த நாற்காலியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

லாரி நின்றது. ஐந்து பேரும் ஒற்றைக் காலில் அப்படியே உறைந்தார்கள். இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து ஜனம் கைதட்டியது. "உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று அம்மா சட்டையை இழுத்தாள். ஆனால் லாரி அசையவில்லை. தூக்கிய கால்கள் நடுங்கின. அத்தை திரும்பிய முகம் திரும்பியபடி எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று அரங்கத்தில் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நான் தட்டட்டுங்களாப்பா?"

"இரு சாமி" என்றார். கொஞ்ச நேரம் மேடையையே பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, நிதானமாக இரண்டு தட்டு தட்டினார்.

லாரி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது! நான் தொண்டை கட்டும்வரை விசிலடித்தேன். பக்கத்தில் அப்பா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டும்.

வெளியே வந்து லாரியில் ஏறியபோது என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

"அத்தை வரலீங்களாப்பா?"

"அவளுக்கு நாளைக்கு ஈரோட்டுல ஆட்டம் இருக்குது சாமி" என்று அப்பா வண்டியைக் கிளப்பினார். பின்னால் வெறும் பாடி கடகடவென்று ஆடியது. கூட்டி வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டாரே என்று வழியெல்லாம் அழுதேன். அந்த இரண்டு தட்டும் மேடையில் இருந்த லாரிக்கு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.