சம்பளத்துக்குப் பின்னால் இரண்டு எழுத்து

எங்கள் பக்கத்தில் சம்பளம் என்றால் மாதச் சம்பளம்தான். ஆசிரியருக்கு எவ்வளவு, வங்கியில் எவ்வளவு என்று கேட்டால் மாதக் கணக்கைத்தான் சொல்லுவார்கள். வருடக் கணக்கில் சம்பளம் சொன்ன ஒரு மனிதரை, உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை நான் கண்டதில்லை. என் தற்காப்புக்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எனக்குப் பௌதிகம் என்றால் பைத்தியம். பெறுபேறு வந்த பிறகு இரண்டு இடங்களில் இடம் கிடைத்தது. ஒன்று இங்கேயே பல்கலைக்கழகத்தில், எங்கள் பேச்சில் கம்பஸில்; படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. மற்றது இங்கிலாந்தில். அதற்குக் கட்டவேண்டிய தொகையை வாசித்த அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். அவர் எங்கள் ஊரான உடுவிலில் வெங்காயம் செய்கிற கமக்காரர். வரவு தெரியாமல் ஒரு பாத்திகூடக் கட்டமாட்டார். படித்து முடித்தால் என்ன தருவார்கள் என்று மட்டும் கேட்டார்.

அந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்தேன். பௌதிகப் பட்டதாரியின் தொடக்கச் சம்பளம் பவுணில் போட்டிருந்தது. தொகைக்குப் பின்னால் பி.ஏ. (p.a.) என்று இரண்டு சின்ன ஆங்கில எழுத்து. அந்த எழுத்துகளுக்கு எனக்குத் தெரிந்த ஒரே பொருள் பாஸ்கல், அமுக்கத்தின் அலகு. சம்பளத்துக்கும் அமுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு விநாடி யோசித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். வணிகப் பிரிவில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். கணிதப் பிரிவுக்காரி போய்க் கேட்பாளா?

அப்பா பவுணை ரூபாயாக்கினார். வந்த தொகையைப் பார்த்து, தன் கைப்பேசி பழுது என்று என்னுடையதை வாங்கித் திரும்பப் பெருக்கினார். அதே தொகை. மூன்று வருடப் படிப்புக்கு வாங்கும் கடன் முழுவதும் நாலு மாதச் சம்பளத்தில் தீர்ந்துவிடும். நாலே நாலு மாதம்.

அடுத்த இரண்டு கிழமையும், பதினாலு நாளும், எங்கள் கால் நிலத்தில் படவில்லை. அப்பா என் ஐந்தாவது மாதச் சம்பளத்தில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கினார். ஆறாவதில் கிணற்றைத் திருத்திக் கட்டினார். ஏழாவதில் கோயில் மதிலுக்கு வர்ணம் அடித்தார். நான் எட்டாவது மாதத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். அம்மா ஒன்றும் வாங்கவில்லை. அங்கே குளிராமே என்று மட்டும் சொல்லி, நான் கொண்டுபோகும் கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கத் தொடங்கினார்.

முதல் வருடக் காசுக்கு, அப்பா வெங்காயம் செய்கிற அம்மாவின் சீதனக் காணியை ஈடு வைப்பது, மிச்சத்துக்குக் கனடாவில் இருக்கிற மாமாவிடம் கைமாற்று வாங்குவது என்று முடிவானது. மாமாவும் நாலு மாதக் கணக்கைக் கேட்டு மயங்கிச் சம்மதித்தார். அவர் மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவர். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

நல்ல நாள் பார்த்து மூன்று பேரும் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வீட்டுக்குப் போனோம். ஈட்டு உறுதிப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா கையெழுத்து வைக்குமுன் நொத்தாரிசு ஒவ்வொரு வரியாகத் தமிழில் விளங்கப்படுத்தினார். வட்டி வரும் இடத்தில் நான் எட்டிப் பார்த்தேன். இலக்கத்துக்குப் பின்னால் அதே பி.ஏ. வெங்காயத் தோட்டத்தின் ஈட்டில் பாஸ்கலுக்கு என்ன வேலை?

“சேர், உதென்ன பி.ஏ.?”

“வருசத்துக்கு எண்டு அர்த்தம், பிள்ளை. வட்டி, சம்பளம் எல்லாத்துக்கும் உப்பிடித்தான் போடுறது.”

அப்படியென்றால் நாங்கள் மாதத்துக்கு என்று எண்ணியது ஒரு முழு வருடச் சம்பளம். வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன், அதை மறைப்பானேன். அம்மா கையெழுத்து வைக்க ஒரு நிமிடம் போதும். பிறகு நான் இங்கிலாந்தில் நிற்பேன். ஆனால் அந்த ஆறு பரப்புக் காணியும்தான் எங்கள் சோறு. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, பாஸ்கல் கதை முழுவதையும் சொன்னேன்.

அப்பா பன்னிரண்டால் வகுத்தார். லான்ட்மாஸ்டர் போனது, கிணறு போனது, கோயில் மதில் போனது. அங்கே வீட்டு வாடகையும் சாப்பாடும் கழித்தபோது அவர் முகமும் போனது. “கடன் தீரப் பதினைஞ்சு வருசம்,” என்றார்.

அம்மா இன்னும் பேனாவைப் பிடித்தபடிதான் இருந்தார். “பதினைஞ்சு வருசமெண்டா என்ன, கட்டலாம்தானே. பிள்ளை ஆசைப்பட்ட படிப்பு.” சொல்லிக்கொண்டே குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார். நான் உறுதியைப் பிடித்து இழுத்தேன். பெயரின் முதல் எழுத்து தாளின் ஓரம்வரைக்கும் நீண்டுபோனது.

“வேண்டாம் அம்மா. கம்பஸிலையும் அதே பௌதிகம்தான். புவியீர்ப்பு உடுவிலுக்கெண்டு குறையாது.”

முதலில் சிரித்தவர் நொத்தாரிசு. பிறகு அப்பா. எனக்குச் சிரிப்பு அடங்காமல் விக்கல் எடுத்து, நொத்தாரிசின் வீட்டார் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். கையில் வராத கோடிகளை இழந்ததற்கு இவ்வளவு சந்தோசமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இங்கிலாந்து கைவிட்டுப் போனதில் வருத்தம் இல்லை என்றால் அது பொய். ஆனாலும் தலைச்சுமையை இறக்கியதுபோல் உடம்பு லேசாக இருந்தது. தாளைப் பழுதாக்கியதற்கு நொத்தாரிசு காசு கேட்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்ததே போதும் என்றார்.

அப்பா மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார். அம்மா தெருவோரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடி வலித்தது. அந்த இரண்டு கிழமையில் அவர் ஒருதரம்கூடப் போகாதே என்று சொல்லவில்லை, அழவும் இல்லை.

“அப்ப நீ போகேல்லை?”

“இல்லை அம்மா.”

“வடிவாச் சொல்லு.”

“போகேல்லை அம்மா.”

அம்மா சீலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, தெரு என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதார்.