துவக்குக்கு வாறண்டி உண்டா?

போன சனிக்கிழமை காலை நான் ஒரு பாயில் குப்புறப் படுத்திருந்தேன். கையில் துவக்கு, அசல் துப்பாக்கி. பக்கத்தில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட்.

பதற வேண்டாம். கைது இல்லை... கடத்தலும் இல்லை. ஆனால் அறுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை ஒருத்தி அந்தக் கோலத்தில் கிடந்ததற்கு, சண்டை முடிந்து ரெண்டு வருசமான இந்த மட்டக்களப்பில் கொஞ்சம் விளக்கம் தேவைதானே?

எல்லாம் பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியால் வந்த வினை. கொஞ்ச நாளைக்கு முன் இதே இடத்தில் பிரஷர் குக்கர் பற்றி எழுதியிருந்தேன். மூன்று குக்கர்களில் ஒரே பருப்பைப் போட்டு அவித்து, எது விசிலடிக்கிறது, எது சும்மா பெருமூச்சு விடுகிறது என்று. அதை ஏறாவூரில் ரஹீம் வாசித்திருக்கிறார். மாவட்டத்தில் புதிதாகத் தொடங்கிய குறிசூட்டு விளையாட்டுச் சங்கத்துக்கு இவர்தான் செயலாளர். என்னிடம் படிக்காவிட்டாலும் எனக்குத் தம்பி முறை மாதிரி.

நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், ஒரு சாமான் காசுக்குப் பெறுமதியா இல்லியா எண்டு உங்களைப்போல ஆரும் சொல்றல்ல. எங்களுக்கும் ஒண்டு பாத்துத் தரோணும்."

என்ன, குக்கரா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். துவக்கு."

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடிப்பது தேர்தல் முடிவுக்கும் மரண அறிவித்தலுக்கும் மட்டும்தான்.

ரஹீம் விளக்கினார். ரிம்ஃபயர் என்கிற சின்னத் துவக்காம். ரவையின் அடி விளிம்பில் தட்டினால் வெடிக்குமாம். (எனக்குத் தெரிந்த ரவை உப்புமாவுக்குப் போடுவது.) ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். போட்டிகளுக்குப் பாவிப்பது. கொழும்பில் ஒரு வியாபாரி, பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று பொலிஸ் பொறுப்பில் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஜெர்மன்காரனின் துவக்கு ஒன்றின் விலைக்கு இதைப்போல மூன்று வாங்கலாம்... அவ்வளவு மலிவு. மலிவு என்பதுதான் சந்தேகமே.

காசு கொடுப்பவர் கனடாவில் இருக்கும் நம்மூர்க்காரர். நல்ல மனுசன். ஆனால் சூடுபட்ட மனுசன். சுனாமிக்குப் பிறகு ஒரு மீனவக் குடும்பத்துக்குப் படகு வாங்கிக் கொடுத்தார். எந்த நாட்டு நீருக்குச் செய்த படகோ... நம் வாவியில் இறக்கினால், ஆள் ஏற முதலே ஒரு பக்கம் சரிந்து படுத்துக்கொள்ளும். கடைசியில் அது ஆடுகளுக்குத் தண்ணி வைக்கும் தொட்டியாகிவிட்டது. அந்தக் காலத்தில் இந்த வெயிலுக்கு நிவாரணமென்று கம்பளிக் குளிர்ச்சட்டையே மூட்டை மூட்டையாக வந்திறங்கிய ஊர்தானே நம்முடையது? அதனால் இந்தமுறை அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சங்கத்தோடும் துவக்கோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பொதுமனிதர் சோதித்து, குறி சரியா, விலைக்குத் தகுமா என்று எழுதித் தரவேண்டும்.

துவக்கோடு சம்பந்தமில்லாதவர்! அந்தத் தகுதி எனக்கு நிறைய இருந்தது.

ஆனாலும் தயங்கினேன். அப்போதுதான் ரஹீம் தர்ஷினி பற்றிச் சொன்னார். களுவாஞ்சிக்குடிப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. காற்றுத் துவக்கில் நன்றாகச் சுடுகிறாளாம். தேசிய அணித் தெரிவு அடுத்த மாதம். அங்கே இந்த ரகத் துவக்கால்தான் சுடவேண்டும். அவரவர் மாவட்டமே கொண்டுபோக வேண்டும். நான் கூடாது என்று எழுதினால் துவக்கு கொழும்புக்குத் திரும்பும். பிள்ளை வீட்டிலேயே இருக்கும்.

சரி, வருகிறேன் என்றேன்.

முப்பது வருசம் துவக்கைக் கண்டு ஒளிந்தோம், இப்போது இவள் அதைத் தேடிப்போகிறாள் என்று என் கணவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பொலிஸ் சூட்டுத்திடல் வாவிக் கரையோரம். பின்னால் உயரமான மண்ணணை. பொறுப்பாக ஒரு சார்ஜன்ட். குருநாகல் பக்கத்து மனிதர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து, தூசி தட்டி வைப்பவர்போலப் பேசுவார். என்னை "அம்மா" என்றார்.

நான் குக்கருக்குச் செய்த அதே முறையில் தொடங்கினேன். முதலில் தோற்றம். வழுவழுப்பான மரக்கட்டை, நல்ல பொலிஷ். பிசிறு இல்லை. தூக்கிப் பார்த்தேன், பாரம், ஆனால் ஒரு பக்கமாக இழுக்கவில்லை. போல்ட்டை இழுத்துத் தள்ளினேன். நல்ல இரும்பு அலுமாரிப் பூட்டுப்போல, சிக்காமல் போய் வந்தது. ரவை விலையையும் கேட்டேன். மற்ற ரகங்களோடு பார்த்தால் மலிவுதான். அடுப்பு வாங்கும்போது காஸ் செலவையும் பார்க்க வேண்டும், இல்லையா?

பிறகு சார்ஜன்டிடம் கேட்டேன், இதற்கு வாறண்டி எவ்வளவு காலம் என்று.

அவர் ரஹீமைப் பார்த்தார். ரஹீம் வாவியைப் பார்த்தார். துவக்குக்கு வாறண்டி கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

அப்போது ஓட்டோ ஒன்று வந்து நின்றது. தர்ஷினியும் தாயும். தாய் பரமேஸ்வரி இறங்கியதும் இறங்காததுமாய் வேப்பமரத்தடியில் போய், திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ரஹீம் கழுத்தில் கமரா தொங்கியது... கனடாவுக்குப் படம் அனுப்ப வேண்டுமே. அதைக் கண்டதும் பரமேஸ்வரியின் முகம் மாறிவிட்டது.

"சுடட்டும் தம்பி. நான் மறிக்கல்ல. ஆனா என்ட புள்ள துவக்கோட நிக்கிற படம் ஒண்டும் எடுக்கப்படாது. எடுத்தீங்கெண்டா இப்பவே கூட்டிக்கொண்டு போயிருவன்."

ரஹீம் கமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வேறென்ன செய்வது? எங்கள் ஊரில் துவக்கோடு எடுத்த படம் என்றால், ஒன்றில் மதிலில் ஒட்டும் மரண நோட்டீசில் வரும், அல்லது விசாரணை மேசையில் வரும். கலியாண அல்பத்தில் வந்து நான் பார்த்ததில்லை. தர்ஷினி போய்த் தாயின் பக்கத்தில் இருந்துவிட்டாள். மற்ற ஆட்கள் முதலில் சுட்டுப் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று.

முதலில் ரஹீம். மணல் மூட்டைமேல் துவக்கை வைத்து, படுத்து, விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான்!

வாசகர்களே, நம் காதுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எது தூரத்து ஷெல், எது பக்கத்து வெடி, எது வெறும் டயர் என்று சோறு பிசைந்தபடியே சொல்லக்கூடிய காதுகள். அந்தக் காதுகளுக்கு இது தும்மல்! ஓட்டோ ஓட்டி வந்த பொடியன்கூட, இதுக்கா இவ்வளவு காசு என்று கேட்டான். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தும்மலுக்கே நான் தரையில் குந்திவிட்டேன். எழும்பியபோது பார்த்தால், ஓட்டோக்காரனும் குந்தித்தான் இருந்தான்.

ரஹீமின் ஐந்து வெடியில் மூன்று மட்டுமே குறிக் காகிதத்தில். அதுவும் ஒன்றோடு ஒன்று கோபித்துக்கொண்டவை மாதிரி, ஆளுக்கொரு மூலையில்.

அடுத்தது நான். குப்புறப் படுப்பது ஒரு பெரிய வேலை. முழங்கால், பிறகு கை, பிறகு மற்றதெல்லாம். படுத்த பிறகு மூச்சு வாங்க ஒரு இடைவேளை. துவக்கின் மேலிருந்த கண்ணாடிக் குழாய்க்குள்ளால் பார்த்தால் குறி வட்டம் பக்கத்தில் தெரிந்தது. விசையை மெல்ல அமத்தச் சொன்னார் சார்ஜன்ட். அமத்தினேன். ஐந்து முறை. பார்த்தால்... காகிதம் கடையிலிருந்து வந்தபடியே புத்தம் புதிதாக இருந்தது. அணையில் இருந்த ஒரு எருக்கலஞ் செடி மட்டும் தலை சாய்ந்திருந்தது. என்னைத் தூக்கி நிறுத்த ரெண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

கடைசியில் சார்ஜன்டே படுத்தார். உத்தியோகமே அதுதானே, இனி உண்மை தெரிந்துவிடும் என்று நினைத்தோம். அவருடைய ஐந்தும் காகிதத்தில் விழுந்தன. ஆனால் தோசைச் சட்டியில் தெளித்த தண்ணிபோல எங்கும் பரவி. அவர் எழும்பி, தொப்பியைத் தட்டி, தீர்ப்புச் சொன்னார்.

"அம்மா, துவக்கு சரியில்லை."

ரஹீமின் முகம் சுருங்கிப் போனது. நான் மனதுக்குள் அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன். பார்க்க அழகு, பிடிக்க வசதி, வேலைக்கு உதவாது. படகுக்கு எழுதியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். இதைத் தர்ஷினியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வேப்பமரத்தடிக்குப் போனேன்.

பரமேஸ்வரி முதுகைக் காட்டி இருந்தாரே தவிர, எல்லாவற்றையும் தோளுக்கு மேலால் பார்த்திருக்கிறார்.

துவக்கு சரியில்லையாம் என்றேன்.

"அதில என்ன பிழை, டீச்சர்?" என்றார். "மூண்டு பேரும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு சுட்டா அது என்ன செய்யும்?"

எனக்கு விளங்கவில்லை.

"அந்தத் தம்பி பொத்தினார். நீங்க விரலை வைக்க முந்தியே பொத்தீட்டீங்க. பொலிஸ்காரரும் பொத்தினவர். சத்தம் கேட்டா பொத்துறதுதானே... அது நம்மட பிழை. சாமான்ட பிழையில்ல."

துவக்கையே வெறுக்கிற மனுசி, துவக்குக்காக நியாயம் கதைக்கிறார்! நான் திரும்பி ரஹீமைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, ஓம் என்று தலையாட்டினார். அடுத்தது சார்ஜன்ட். அவரிடம் கேட்பது மரியாதையா என்று தயங்கினோம். அவர் தானாகவே சொன்னார்.

"நான் வடக்கில் இருந்தேன், அம்மா. சண்டையில். அதுக்குப் பிறகு... கண் தானா மூடுது."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே சிரித்தார். அதன் பிறகு எல்லாரும் சிரித்தோம்.

சரி, எல்லார் கண்ணும் மூடும் என்றால் இந்தத் துவக்கை யார்தான் சோதிப்பது? பரமேஸ்வரி மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவள் பொத்தமாட்டாள். சுனாமிக் கடல் வந்த அண்டு நாங்க எல்லாரும் கண்ணைப் பொத்திக்கொண்டு சாமியைக் கூப்பிட்டம். இவள்தான் முழிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டவள். எந்தப் பக்கத்தால தண்ணி வருகுது எண்டு பாத்து, என்னை மேல்மாடி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனவள்." மகளின் தோளைத் தட்டினார். "போ புள்ள. போய்ச் சுடு."

முதல்முறையாகத் திடலுக்கு முகம் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

தர்ஷினி படுத்த விதமே வேறு. நாங்கள் விழுந்தோம், அவள் படுத்தாள். படுத்தவள் சுடவில்லை. காத்திருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. பிறகு ஒரு டிக். மறுபடி காத்திருப்பு. மறுபடி டிக். பயம் இல்லையா என்று பிறகு கேட்டேன். "பயம் இரிக்கி டீச்சர். அது வந்து போக விட்டுத்தான் அமத்துறன்" என்றாள், சோறு வேக விட்டு இறக்குகிறேன் என்பதுபோல.

ஐந்தும் முடிந்ததும் சார்ஜன்ட் நடந்துபோய்க் காகிதத்தைக் கழற்றினார். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். திரும்பி வந்தவர் ரஹீமிடமும் கொடுக்கவில்லை, என்னிடமும் கொடுக்கவில்லை. நேரே வேப்பமரத்தடிக்குப் போய், ரெண்டு கையாலும் பரமேஸ்வரியிடம் நீட்டினார்.

பரமேஸ்வரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"ஒரு ஓட்டைதானே கிடக்கு. மற்ற நாலும் எங்க போச்சு?"

நாலும் அதற்குள்ளால்தான் போயிருக்கின்றன என்று அவருக்கு விளங்க வைக்க நாங்கள் மூன்று பேர் தேவைப்பட்டோம். ஒரு விரல் நுனியால் மூடக்கூடிய ஓட்டை. ஓரம் மட்டும் கொஞ்சம் கிழிந்து, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வந்துபோன வாசல் மாதிரி. விளங்கியதும் அவர் காகிதத்தை மடியில் விரித்தார். தன் சுண்டுவிரலை அந்த ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

மிச்சம் இருந்தது படப் பிரச்சினை. ஆளும் துவக்கும் சேர்ந்த படம் கனடாவுக்கு வேண்டும். ஆளும் துவக்கும் சேர்ந்த படம் தாய்க்கு வேண்டாம். வழியையும் பரமேஸ்வரியே சொன்னார். துவக்கைத் தனியாக எடுங்கள், பிள்ளையைக் காகிதத்தோடு தனியாக எடுங்கள், அந்த மனுசனுக்கு ரெண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதா? அப்படியே எடுத்தோம். துவக்கு மணல் மூட்டைமேல் ஒய்யாரமாகக் கிடந்தது. தாயும் மகளும் காகிதத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நின்றார்கள். கமராவைச் சார்ஜன்ட் பிடித்தார். படம் எடுப்பவர் கண்ணை மூடக்கூடாது என்று தர்ஷினி மெல்லச் சொல்ல, அவர் சிரித்த சிரிப்பில் கமரா ஆடிப்போய் இன்னொரு முறை எடுக்க வேண்டியிருந்தது.

அறிக்கையை ஞாயிறு எழுதிக் கொடுத்தேன். சுருக்கமானது. துவக்கு நேரே சுடுகிறது. விலைக்குத் தகும். சுடுபவரைப் பொறுத்தவரை இந்த மாவட்டத்தில் ஒருவர் தயார். மற்றவர்களுக்குக் கொஞ்சக் காலம் தேவை. கனடாக்காரர் திங்கட்கிழமையே சரி என்று சொல்லிவிட்டாராம்.

நேற்று ஒரு அலுவலாகக் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். பரமேஸ்வரி வீட்டில் தேத்தண்ணி. முன்னறைச் சுவரில் அந்தக் காகிதம், கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, ஒரு பிளாஸ்டிக் பூமாலையோடு தொங்கியது. வருகிற ஆட்களெல்லாம் ஓட்டைக் காகிதத்துக்கு ஏன் மாலை என்று கேட்கிறார்களாம்.

துவக்குப் போட்ட ஓட்டைகளை வருசக்கணக்காகச் சீமெந்து பூசி மறைத்த ஊர் இது... ஒன்றையாவது கண்ணாடி போட்டு மாட்டக் கிடைத்ததே!